கூட்டுக்குள் நாகலெட்சுமி

நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் நான் டிரைவர். நாகலெட்சுமி அக்கா அங்கே இருபத்தாறு வருடம் சமையல் பார்த்தவர். தோட்டத்தை நடத்தும் துரைமார் ஐந்து பேர் வந்து போனார்கள். அடுப்படி மட்டும் அவருடையதாகவே இருந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷி. அதுதான் அவருடைய வியாதி என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

கடைசித் துரைக்கு ரோவர் என்று ஒரு நாய். பேருக்குத்தான் துரையின் நாய். குட்டியிலிருந்து சோறு வைத்து வளர்த்தது அக்கா. துரை வேலையை விட்டு இங்கிலாந்தில் மகளோடு போய் இருக்கப்போகிறார், நாயும் கூடப் போகவேண்டும் என்றார்கள். ஹட்டனிலிருந்து மிருக வைத்தியர் வந்து கழுத்துத் தோலுக்குள் ஓர் அடையாளச் சில்லை ஏற்றினார். விசர்நாய்த் தடுப்பூசி போட்டார். பிறகு இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார். அதன்பின் மூன்று மாதம் காத்திருக்கவேண்டுமாம். அதற்குள் நாயைப் பயணக் கூட்டில் இருக்கப் பழக்கவேண்டும், மயக்க மருந்து கொடுத்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

கூடு வந்ததும் வைத்தியர் அளந்து பார்த்தார். "நாய் நிமிர்ந்து நிக்கணும், திரும்பணும், கால நீட்டிப் படுக்கணும். அப்பதான் சட்டப்படி சரி" என்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு யார் இப்படி அளந்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவின் மகன் குடும்பம் ஆறு பேர் ஒரே காம்பராவில் கிடக்கிறார்கள்.

ரோவர் கூட்டை அண்டவே இல்லை. இறைச்சி வைத்தால் கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு ஓடியது. ஒரு மாதம் இப்படியே போனது. துரை அக்காவைக் கூப்பிட்டார்.

"இது போகாட்டி வேற வழியில்ல லெட்சுமி. ஊசி போட்டுத் தூங்க வச்சிருவோம்."

"நானே வச்சுக்கிறேங்க தொர."

"லயத்துலயா? புது தொர விடமாட்டார்."

பேச்சு முடிந்துவிட்டது. நாய் கூட்டுக்குள் போனால் அக்காவை விட்டுப் போகும். போகாவிட்டால் உயிர் போகும்.

மறுநாள் மத்தியானம் பின்வாசலுக்குப் போனேன். கூட்டுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது கூத்து?"

"நான் உள்ள போனா அதுவும் வரும்ல தம்பி."

வந்தது. அக்காவின் மடியில் தலையை வைத்துப் படுத்தது. அன்றிலிருந்து தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் அக்கா கூட்டுக்குள் உட்கார்ந்துதான் பருப்பில் கல் பொறுக்குவார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதே தடுத்திருக்கவேண்டும். எனக்கும் புத்தி போகவில்லை.

புறப்படும் நாளில் கட்டுநாயக்க விமான நிலையத்தில், ரோவர் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தது. நேரமாகிறது என்று அதிகாரி சிங்களத்தில் சத்தம் போட்டார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க முட்டி போட்டு உள்ளே நுழைந்தார். நாய் பின்னாலேயே போனது. கொஞ்ச நேரம் கழித்து அதன் தலையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். "இரு ராஜா, வந்துர்றேன்" என்று சொல்லி, கதவையும் அவரே பூட்டினார்.

திரும்பும் வழியில் கினிகத்தேனையில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அக்கா குடிக்கவில்லை. கையிலேயே ஆறிப்போனது.

புதுத் துரை தன் சமையல்காரரோடு வந்தார். அக்கா மகனின் காம்பராவுக்கு ஏழாவது ஆளாகப் போனார், ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினார்.

நாய் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பழைய துரையின் மனைவி, துரைசானி, இங்கிலாந்திலிருந்து என் போனில் முகம் காட்டிப் பேசினார். கூட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்களாம். நாய் வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. நாகலெட்சுமி ஒரு வார்த்தை கூப்பிட்டால் வரும் என்றார். போனைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

"ரோவரு..." என்றார் அக்கா.

பாய்ந்து வெளியே வந்தது. துரைசானி பிடித்திருந்த போனை முகர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராகக் கூட்டுக்குள் ஓடி, மூலை மூலையாக முகர்ந்து தேடியது. தேடி முடித்துவிட்டு, அக்காவின் மடிக்கு இடம் விட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்தி, பிறகு எடுத்தார்.

"அதுக்குள்ள நான் இல்லடா ராஜா. நான் வரமாட்டேன். என்னால முடியாது. நீ வெளிய வந்துரு."

யாரிடமும் முடியாது என்று சொல்லாத அக்கா, அந்த நாயிடம்தான் முதல்முறையாக அதைச் சொன்னார்.