குறச்சு கூட்டு

எங்கள் ஊர்ப் பக்கத்து மலையான போனக்காட்டில் எடுத்த இருவாட்சிப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் பொறி தட்டியது. பறவையின் கண் மங்கல், பின்னாலிருந்த இலை பளிச். லென்ஸ் மட்டும் என்றால் ஃபோகஸ் சரியாக விழுகிறது. தூரத்தை இன்னும் இழுத்துக் காட்டும் டெலிகன்வர்ட்டரைச் செருகினால் தள்ளிப்போகிறது. அது இல்லாமலும் முடியாது, பறவை வெறும் பொட்டாகிவிடும்.

ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்த கேமராவுக்குள்ளேயே ஒரு திருத்த எண் உண்டு; அதைக் கண்டுபிடிக்க வீட்டு மாடியில் ஸ்கேலைச் சாய்த்து வைத்துச் சோதித்தோம். கேமரா, திருநெல்வேலியிலிருந்து வந்த அத்தை மகன் கணேசனிடம்.

"ஃபோகஸ் எண்ணைக் குறச்சு…" என்று நான் ஆரம்பித்ததுமே அவன் குறைத்துவிட்டான்.

"கொஞ்சம் கூட்டுன்னு சொல்ல வந்தேன்டா! மலையாளத்துல குறச்சுன்னா கொஞ்சம். இங்க பேசிப் பேசிப் பழகிருச்சு."

"அப்ப தமிழ்ல சொல்லுல!"

திட்டிக்கொண்டே அவன் எடுத்த படத்தைப் பார்த்தால், குறிவைத்த கோடு துல்லியம்! கூட்ட நினைத்த நான்தான் திசை மாறியிருக்கிறேன். வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

ஆனால் ஸ்கேலுக்குச் சரியான எண், தூரத்து மரத்துக்கும் சரிவருமா? ஞாயிற்றுக்கிழமை போனக்காட்டில் ஒரே கிளையை அந்த எண்ணோடும் இல்லாமலும் எடுத்துப் பார்க்கப்போகிறேன்.