இரண்டாகக் கிழித்த வேட்டி

அம்மா பழைய வேட்டியைக் கிழிக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓரத்தைப் பல்லால் கடித்துச் சின்னதாக ஒரு கிழிசல் உண்டாக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று நீளவாக்கில் இரண்டாகப் போகும். ஒரு பாதி மாமாவுக்கு, மறுபாதி சின்னம்மாவுக்கு. மாமா அம்மாவின் தம்பி. சின்னம்மா அவர்கள் இருவருக்கும் இளையவள். மாமாவுக்கு எங்காவது கீறல் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் அவர் இடுப்பில் எப்போதும் மடித்த துணி ஒன்று செருகியிருக்கும். சின்னம்மாவுக்கு மாதவிலக்கு வந்தால் பாதி மாதம் போகும். அவளுக்கும் எத்தனை துணி இருந்தாலும் போதாது. துவைத்தபின் மாமாவின் துணி வாசல் கொடியில் கடல்காற்றில் படபடக்கும். சின்னம்மாவின் துணி வீட்டுக்குப் பின்னால் முள்வேலியில், ஒரு கிழிந்த புடவைக்கு அடியில், ஈரம் வற்றாமல் கிடக்கும். இரண்டும் ஒரே வேட்டி என்பதை எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மரக்காணத்தில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் உப்பளத்தில்தான் பிழைப்பு, மாமாவைத் தவிர. அவருடைய வலது முழங்கால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டிக் கட்டி வீங்கி, கடைசியில் மடங்கியபடியே நின்றுவிட்டது. பாத்தியில் இறங்கி உப்பு வார முடியாததால் அவரை உப்புக் குவியலுக்குக் காவல் வைத்தார்கள். "உப்பை எவன்டா திருடப் போறான்? மழைதான் திருடும். அதை நான் நொண்டிக்கிட்டே ஓடிப் புடிக்கணுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். உப்பு வாரிய பிறகு பாத்தியில் கொஞ்சம் கசப்புத் தண்ணீர் மிஞ்சும். எவ்வளவு வெயில் அடித்தாலும் அது உறையாது. வெட்டி வெளியே விட்டுவிடுவார்கள். மாமாவின் ரத்தத்துக்கு ஊர் வைத்த பேர் அதுதான்: கசப்புத்தண்ணி ரத்தம். உப்பிலேயே பிறந்து வளர்ந்ததால் உடம்பில் உப்பு ஏறி ரத்தம் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, சில வருடங்கள் அவருக்கு உப்பில்லாத கஞ்சிதான் ஊற்றினார்கள். உப்பு விளைகிற ஊரில் உப்பில்லாமல் சாப்பிட்ட ஒரே மனிதர் என் மாமா. அதனால் எந்தப் பலனும் இல்லை, நாக்குதான் செத்துப்போனது.

சின்னம்மாவுக்கு இருந்ததற்கு வேறு பேர். பெரும்பாடு. அந்தச் சொல் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பாடு என்று சொல்லிவிட்டால் பட்டுத்தானே ஆகவேண்டும்? மாமாவுக்கு ஏதோ கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும், அவரை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். சின்னம்மாவுக்குக் கோளாறு என்று ஒருவரும் நினைக்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்ததில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். போதாக்குறைக்கு, விலக்கான பெண்கள் பாத்தியில் கால் வைத்தால் உப்பு கறுத்துப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மற்றவர்களுக்கு மூன்று நாள். சின்னம்மாவோ பாதி மாதம் வரப்பிலேயே நிற்பாள், முகம் உப்பைவிட வெளுத்துப்போய். மேஸ்திரி அவளைப் பார்த்தாலே, "இன்னாமா, இன்னும் முடியலையா?" என்பான். அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் வயிற்றில் ஒன்று தங்கவில்லை. "எனக்கு ஒரே ஒரு புள்ளை போதும்கா. அதுக்கப்புறம் இந்தக் கர்ப்பப்பையை நாய்க்குப் போட்டாலும் சரி" என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். காதில் விழாததுபோல அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் அவள் வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். திண்டிவனம் போய், பஸ் மாறி, கிளியனூர் வழியாகப் பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில் அவள் தலையை அம்மா மடியில் வைத்திருந்தாள். கஞ்சித் தூக்கு என் மடியில். அங்கே பார்த்துவிட்டு, ரத்தம் நிறையப் போயிருக்கிறது, மாத்திரை கேட்கவில்லை, வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டும், தேவைப்பட்டால் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டியிருக்கும் என்றார்கள். சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

செய்தி ஊருக்குப் போனதும் ஆளுக்கொரு சாக்கு வந்தது. ஊசி என்றாலே ஓடுகிற காலம் அது. ஆனால் கூப்பிடாமலே வந்து நின்றவர் மாமா. அந்தக் காலோடு எப்படி இரண்டு பஸ் ஏறி இறங்கினாரோ தெரியவில்லை. வெளுத்த சட்டை, எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். "ஏம்பா, உனக்கே ஒழுவுதே, நீ எங்க வந்தே?" என்று அம்மா அதட்டினாள். அவர் ரத்தப் பரிசோதனை செய்கிறவரிடம் நேராகப் போய், "நிக்காம ஓடற ரத்தம் சார் என்னுது. எவ்ளோ வேணுமோ புடிச்சுக்கோங்க. இத்தினி நாளா மண்ணுல போச்சு, இன்னைக்கு எங்க பாப்பாவுக்குப் போவட்டும்" என்றார். அவர் விளையாடவில்லை. உறையாமல் ஓடுகிற ரத்தம்தான் கொடுப்பதற்கு நல்ல ரத்தம் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தார். பிறந்ததிலிருந்து யாருக்கும் உதவாத தன் உடம்புக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். முதலில் ரத்தம் நின்றது. பெஞ்சில் வந்து உட்கார்ந்து கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் கசிய ஆரம்பித்தது. மாமா பழக்கப்பட்ட ஆள், இடுப்பிலிருந்த வேட்டித்துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா அந்த வழியாக வந்தவர் முதலில் துணியைப் பார்த்தார், பிறகு மடங்கிய முழங்காலைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"இவர் யாரு?"

"என் தம்பிங்க. உள்ள படுத்திருக்குதே, அதுக்கு அண்ணன்" என்றாள் அம்மா.

"கூடப் பொறந்த அண்ணனா? இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க அவளைப் பத்தித்தானேங்க கேட்டீங்க? இது ஆம்பளைங்களுக்கு வர்றதுங்க. இவனுக்குக் கசப்புத்தண்ணி ரத்தம். அவளுக்குப் பெரும்பாடு."

"உங்க அம்மா இருக்காங்களா?"

"அவளைப் பெத்துப் போட்டதுமே போயிட்டாங்க. ரத்தம் நிக்காமத்தாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். நிக்காம என்ற சொல்லை அவள் வாழ்நாள் முழுவதும் தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள், தாய்க்குச் சொல்லியிருக்கிறாள், தங்கைக்கும் சொல்லியிருக்கிறாள். மூன்றும் ஒரே சொல் என்று அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு, "நிச்சயமாச் சொல்ல இங்கே வசதி இல்லைம்மா. ஆனா இதைப் பார்த்தப்புறம் நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார். ஆபரேஷன் நின்றது. வயிற்றைத் திறந்திருந்தால் சின்னம்மா மேஜையிலிருந்து எழுந்திருக்கமாட்டாள் என்று பிறகொரு நாள் அவரே சொன்னார்.

வேறொருவருடைய ரத்தத்தை ஏற்றிச் சின்னம்மாவைத் தேற்றி, மாமாவோடு மெட்ராசுக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். மாமாவின் ரத்தத்தில் இருந்த அதே குறை அவளுக்கும் இருந்தது, கொஞ்சம் குறைந்த அளவில். மாதவிலக்கை மட்டுப்படுத்த மாத்திரையும், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, ரத்தம் தயாராக எடுத்துவைத்துக்கொண்டு அதே டாக்டரம்மா பிரசவம் பார்க்க, அவளுக்குப் பெண் பிறந்தது. மாமாவுக்கு மட்டும் வியாதியின் பேர்தான் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஹீமோஃபீலியா. "ஈமோ... இன்னாவோ சொன்னாங்க. இனிமே எவனாவது கசப்புத்தண்ணின்னு கூப்பிட்டான், பல்லை உடைப்பேன்" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் குழந்தை நடக்கப் பழகிய மழைக்காலத்தில் மாமாவுக்கு வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. விடிவதற்குள் போய்விட்டார். அவருடைய மருந்து அப்போது உலகத்தில் எங்கோ இருந்தது, எங்கள் கைக்கு எட்டவில்லை.

இந்த நோய் உள்ள குடும்பங்களின் பெண்களைத் தேடிப்போய், அவர்களுடைய மாதவிலக்கு, பிரசவம், ஆபரேஷன் எல்லாவற்றையும் கேட்டு, எந்த வைத்தியத்துக்குப் பிறகு யார் எப்படி இருக்கிறார்கள் என்று வருடக்கணக்காகப் பின்தொடர்கிற ஆய்வுதான் இன்றைக்கு என் வேலை. எனக்கும் அதே ரத்தம்தான். போன மாதம் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகனுக்கு என்ன ஊசி, எப்போது போடவேண்டும், பள்ளிக்கூடத்தில் யாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள் என்று அந்தப் பெண் கடகடவென்று சொன்னாள். அவளைப் பற்றிக் கேட்டேன். "எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்க. பொம்பளைங்களுக்கு இருக்கறதுதான்." பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும்போதெல்லாம் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டாள். நான் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு மாமாவின் கதையைச் சொன்னேன். அவர் ரத்தம் கொடுக்க வந்த இடத்தில் அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கெழமை கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு டவுன்ல வரச் சொல்லியிருக்காங்க. பையனைப் பத்தி அங்க யாரும் கேக்கலீங்க, நானும் சொல்லலை" என்றாள்.

"போகும்போது பையனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்க வயித்தைக் காட்டறதுக்கு முன்னாடி அவனைக் காட்டுங்க. டாக்டரைப் பார்க்க நானும் வர்றேன்" என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம், பாண்டியிலிருந்து சின்னம்மா வீடு திரும்பிய நாள் நினைவில் இருந்தது. அம்மா வழக்கம்போல ஒரு வேட்டியைக் கிழித்தாள். வழக்கம்போல இரண்டும் துவைக்கப்பட்டன. சின்னம்மாவின் துணியை எடுத்துக்கொண்டு நான் பின்பக்கம் போகும்போது மாமா நொண்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வாசல் கொடியில் தன் துணிக்குப் பக்கத்தில் அதை விரித்துப்போட்டு, காற்றில் பறக்காமல் இழுத்துவிட்டார். அம்மா பதறிக்கொண்டு, "டேய், இன்னாடா பண்றே?" என்றாள்.

"காத்து இங்கதான்கா நல்லா வருது" என்றார் மாமா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பாதியும் ஒரே கொடியில்தான் காய்ந்தன.