தானாக ஓடிய மோட்டார்

அரைத்த மாவையே அரைப்பது மாலதிக்குப் பிடிக்காது. செல்போனிலிருந்தே பம்ப்செட்டை ஓட்டும் பெட்டி செய்கிற, திண்டுக்கல் நாகல் நகர் கம்பெனி ஒன்றில் அவள்தான் சாப்ட்வேர் எழுதுகிறவள். ஒரு வேலைக்கு எழுதியதைத் தனி பேக்கேஜாகக் கட்டி சர்வரில் ஏற்றிவிடுவாள். அடுத்த வேலையில் ஒரே வரியில் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்துகொள்ளும். கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கெடுத்தது.

நெய்க்காரப்பட்டித் தென்னந்தோப்பு ஒன்றுக்காக, போன கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி எழுதியிருந்தாள். அங்கே போர்வெல், மோட்டார் பூமிக்கடியில், யார் கையும் படாது. அதே பேக்கேஜைச் சாணார்பட்டிப் பெட்டிகளுக்கும் கூப்பிட்டாள். அங்கே திறந்த கிணறுகள், உள்ளே திட்டில் பெல்ட் போட்ட மோட்டார்கள். கரண்டு போனால் பழைய ஸ்டார்ட்டர் தானே விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். ஆள் வந்து பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். அதனால் கரண்டு போன நேரம் பார்த்துத்தான் கிணற்றில் இறங்குவார்கள். மாலதி அந்தக் கிணறுகளில் ஒன்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

மல்லிகைத் தோட்டக்காரர் கருப்புசாமி, கழன்ற பெல்ட்டை மாட்ட இறங்கினார். கரண்டு வந்தது. பெட்டி மோட்டாரை ஓட்டியது. வலக்கையில் இரண்டு விரல் போயிற்று.

"பூராப் பெட்டிக்கும் இங்கருந்தே மாத்தி அனுப்பிட்டேல்ல? அதோட விடும்மா. வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூட வேண்டியதுதான்," என்றார் முதலாளி ஈஸ்வரன். மாற்றியாயிற்று, இனி எந்த மோட்டாரும் தானாக ஓடாது. ஆனாலும் மாலதிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைத்தால் முழுசாக இருக்கிற தன் விரல்கள்தான் கண்ணில் பட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாணார்பட்டிக்கு பஸ் ஏறினாள். கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னதும் கருப்புசாமி முந்திக்கொண்டார். "பெட்டி மேல குத்தமில்ல தாயி. நாந்தான் எதையோ அமத்த மறந்து இறங்கிட்டேன் போல."

"மறதியா? குடிச்சுப்புட்டு இறங்கியிருக்காரு. ஊரே சிரிக்குது," என்றாள் அவர் மனைவி அங்கம்மாள்.

"குடிக்கலடி," என்றார் அவர், சொல்லிச் சொல்லி அலுத்த குரலில்.

மாலதி குறுக்கிட்டாள். "ஐயா குடிக்கவும் இல்ல, மறக்கவும் இல்லம்மா. கரண்டு வந்ததும் தானா ஓடுற மாதிரி வச்சது நான். கிணத்தப் பாக்காமலே வச்சுட்டேன். தப்பு என்னுது."

அங்கம்மாள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று மாலதி தயாராக நின்றாள். அங்கம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்த மாலதி ஓரமாக ஒதுங்கினாள்.

"ஆஸ்பத்திரில கெடக்கையிலகூட வஞ்சேனே," என்று அங்கம்மாள் அவரிடம் அழுதாள். "அம்புட்டுப் பேரு முன்னாடி வஞ்சேனே."