நீர்வேலிக்கு வாழைப்பழம் கொண்டு போனோம்

தொண்டு நிலையத்தில் சேரலாமா என்று இப்போது என்னிடம் ஆலோசனை கேட்க ஆட்கள் வருகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுச் சுவரோடு கதைப்பவர்கள். "அங்கை போனால் என்ன செய்யவேண்டி வரும்?" என்று கேட்பார்கள். தேத்தண்ணீர் குடிக்கவேண்டி வரும் என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். சேர்ந்த பிறகு தெரியவரும்.

நானும் ஒன்றும் தெரியாமல்தான் போனேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கும் சின்ன நிலையம் அது, அச்சுவேலியில் இருக்கிறது. காலமெல்லாம் வங்கியில் அதிகாரம் பண்ணிப் பழகியவள் நான். கதிரையில் இருந்து புத்திமதி சொல்லுவேன், பிள்ளைகள் கன்னத்தில் கையை வைத்துக் கேட்பார்கள் என்று மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். முதல் நாள் என் கையில் தந்தது கழிப்பறைப் பூட்டின் திறப்பை. திறப்புக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அவசரத்தில் வருகிறவர்கள். அவர்களை நிற்பாட்டிப் புத்திமதி சொல்ல முடியாது.

அங்கே மோட்டார் சைக்கிள் திருத்தும் வகுப்பு ஒன்று நடந்தது. அதில் ஒரேயொரு பெண்பிள்ளை. நீர்வேலிக்காரி, வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மகள், பத்தொன்பது வயது, கையில் ஸ்பானரை எடுத்தால் வாயும் சேர்ந்து வேலை செய்யும். பையன்கள் பூட்டிய சங்கிலியைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டு, "இப்ப ஓடிப் பாருங்கோ, ராசாமார்" என்பாள். எனக்கு அவளை நன்றாகப் பிடித்திருந்தது. திடீரென்று அவள் வரவில்லை. விசாரித்தால், தகப்பனின் தமக்கை பக்கத்து வீட்டில் இருக்கிறாவாம். நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்போடு திரிகிற பெட்டையை எவன் கட்டுவான் என்று கேட்டு, பிள்ளையை வீட்டோடு மறித்துவிட்டாவாம். திங்கட்கிழமை அவள் வராவிட்டால் அவளுடைய இடம் காத்திருக்கிற வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். நிலையத்தின் சட்டம் அப்படி.

"வீட்டை போய்க் கதைச்சுப் பாருங்கோ" என்று பொறுப்பாளர் என்னிடம் சொன்னார். துணைக்கு இன்னொரு தொண்டர் வந்தார். குருநகர்க்காரர், முன்பு ஐஸ் லொறி ஓட்டியவர். இப்போது நிலையத்து ஓட்டோவைச் சும்மா ஓட்டிக் கொடுக்கிறார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்த பட்டுச் சேலையை மாற்ற எனக்குப் பஞ்சியாக இருந்தது. குருநகர்க்காரரோ பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இருந்து நேரே வெள்ளை வேட்டியும் கழுத்துச் சங்கிலியுமாக வந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று பஞ்சாங்கத்தில் இராகு காலம் பார்த்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அச்சுவேலிச் சந்தையில் நல்ல கப்பல் வாழைப்பழமாக ஒரு சீப்பு வாங்கினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறேன் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரன் வீட்டுக்கு ஒருவர் பழச் சீப்போடு வந்தால், அது சாப்பிடக் கொண்டுவந்த பழமில்லை என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

தகப்பன் படலையைத் திறந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். சீப்பை வாங்கித் தட்டில் வைத்தார். குருநகர்க்காரர் வெற்றிலைப் பிரியர். தன்னுடைய வெற்றிலைச் சுருளை மடியில் இருந்து எடுத்து, வைக்க வேறு இடமில்லாமல், அந்தத் தட்டிலேயே பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தாய் அதைப் பார்த்ததும் உள்ளுக்கு ஓடினா. அடுத்த நிமிடம் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து தகப்பனின் தமக்கை, பிள்ளையின் மாமி, வந்து சேர்ந்தா.

எங்கள் பக்கத்தில் வந்த விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதை இல்லை. மழையைக் கதைத்தோம், கிணற்றுத் தண்ணீரைக் கதைத்தோம், அச்சுவேலியில் யார் யாருக்குச் சொந்தம் என்று கதைத்தோம். வடை வந்தது, பயித்தம் பணியாரம் வந்தது. இந்தச் சனங்கள் எவ்வளவு நல்ல சனங்கள், தொண்டர்களை இப்படி மதிக்கிறார்களே என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

பிறகு அவள் வந்தாள். சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து, தேத்தண்ணீர்த் தட்டோடு தலையைக் குனிந்துகொண்டு. என்னைக் கண்டதும் அவளுடைய தோள் சிரிப்பில் ஒருமுறை குலுங்கியது. கோப்பைகள் சத்தம் போட்டன. அப்போதுதான் என்னுடைய மரமண்டைக்கு விளங்கியது. இந்தப் பெண் பார்க்கிற காட்சி எனக்குத் தெரியாததா? என் இளவயதில் நானும் இப்படி மூன்று தடவை தட்டுத் தூக்கியவள். வந்தவர்கள் வடையைத் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்லுகிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்து இருந்தேன். "அக்கா, நாங்கள் வந்தது பிள்ளையின்ரை விஷயமாய்த்தான். பிள்ளை உந்த மோட்டார் சைக்கிள் வகுப்பை முடிக்கவேணும். அதுதான் எங்கடை விருப்பம்" என்றேன்.

மாமியின் முகம் பூவாக மலர்ந்தது. "அப்பிடியோ! அப்ப பெடியன் வெளிநாட்டிலை கராஜ் வைச்சிருக்கிறாரோ?"

குருநகர்க்காரர் வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன். அவள் தட்டுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். சிரிப்பில்லை, கெஞ்சுகிற பார்வை. நான் ஒரு முழு வடையை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டேன். வாய் நிறைய வடை இருக்கும்போது ஒருவரால் உண்மையும் சொல்ல முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன். அது வடை நல்லாயிருக்கிறது என்பதற்கான ஆட்டல். மாமி அதைத் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டா.

"வெளிநாட்டிலை புருசனும் பெண்சாதியும் சேர்ந்துதானே உழைக்கினம்" என்று தம்பிக்கு விளங்கப்படுத்தினா. தகப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப திங்கக்கிழமை பிள்ளை வருவாள்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் குருநகர்க்காரர் என்னை ஏசினார். "ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாமெண்டு சொல்லுவினம், தங்கச்சி. நீங்கள் மாப்பிள்ளையே இல்லாமல் தொடங்கியிட்டியள்" என்றார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றேன். அதை மாதாவிடம் போய்ச் சொல்லச் சொன்னார்.

அவள் வந்தாள். மாமியும் வரத் தொடங்கினா. ஒவ்வொரு கிழமையும் ஒரு போத்தல் மோர்மிளகாயோ எலுமிச்சங்காய் ஊறுகாயோ கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "பெடியன் ஏதும் கதைச்சவரோ?" என்று கேட்பா. "எல்லாத்துக்கும் ஒரு காலம் வரும், அக்கா" என்று மேலே பார்ப்பேன். ஊறுகாய் அருமையாக இருந்தது. தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்: சம்பளம் கிடையாது, ஊறுகாய் கிடைக்கும்.

ஆனால் உள்ளுக்குப் பயமாகத்தான் இருந்தது. விஷயம் வெளிப்பட்டால் என்னை ஏசுவார்கள், அது பரவாயில்லை. அவளை மறுபடி வீட்டுக்குள் மறித்துவிட்டால் பிறகு எந்தத் தொண்டர் எந்தப் பழத்தோடு போயும் எடுக்க முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யாராவது ஒருவர் மாமியிடம் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டாலே போதும், எல்லாம் முடிந்தது. அவளைக் காணும் போதெல்லாம் வகுப்பைக் கெதியாய் முடி பிள்ளை என்பேன். "என்ஜினை அவதிப்படுத்தக் கூடாது, அன்ரி" என்பாள்.

முடித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள். அரியாலையில் ஸ்கூட்டி திருத்தும் கடையொன்றில் வேலையும் கிடைத்தது. அடுத்த நாள் தகப்பன் தோளில் ஒரு முழு வாழைக்குலையோடு நிலையத்து வாசலில் வந்து நின்றார். கணக்குத் தீர்க்க வந்துவிட்டார் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. கழிப்பறைத் திறப்பு என் கையிலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"அண்ணை, அந்தப் பெடியன் விஷயம்…" என்று தொடங்கினேன்.

"எந்தப் பெடியன்?"

"அக்கா கேட்டவ, கராஜ் வைச்சிருக்கிற…"

அவர் குலையை ஆறுதலாக இறக்கி வைத்தார். "தங்கச்சி, இவளுக்கு மூத்ததுகள் ரண்டு பேரைக் கட்டிக் குடுத்தனான். மாப்பிள்ளைப் பகுதி எண்டால் தேத்தண்ணி ஆறமுன்னம் காணி எவ்வளவு, நகை எவ்வளவு எண்டு தொடங்கியிடுவினம். நீங்கள் கடைசிமட்டும் சீதனம் கேக்கேல்லை. பிள்ளையை வகுப்புக்கு விடுங்கோ எண்டுதான் கேட்டியள். அப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனியள்?"

"அக்காதான் என்னை வளர்த்தவ. அவவுக்கு முன்னாலை எனக்கு வாய் வராது. மறிச்சது அக்கா, அழுதது என்ரை பிள்ளை. நான் இரண்டு பேருக்கும் நடுவிலை நிண்டனான். நீங்கள் ஒரு வடையோடை எல்லாத்தையும் முடிச்சியள். அதை நான் ஏன் கெடுப்பான்?"

"இனி அக்கா கேட்டால் என்ன சொல்லுறது?" என்றேன்.

"அதைப் பெட்டையே நேற்றுச் சொல்லிப்போட்டாள்" என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார். "நல்லா யோசிச்சுப் பாத்தவளாம். தனக்கு அந்தப் பெடியனைப் பிடிக்கேல்லையாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் பொறாமையும். மூன்று தடவை தட்டோடு நின்ற எனக்கு, வந்தவர்களுக்கு முந்தி 'எனக்குப் பிடிக்கேல்லை' என்று நானே சொல்லலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.