சலவைக்காரியின் பிறந்த வீட்டுப் பெயர்

துபாயின் அல் குசைஸில் சரக்கு அனுப்பும் ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. என் மேலாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆங்கிலேயப் பெண்மணி. மதிய இடைவேளைகளில் தன் கொள்ளுப்பாட்டியைப் பழைய பதிவேடுகளில் தேடிக்கொண்டிருந்தார். அவள் பெரிய இடத்துப் பெண் அல்ல. ஏதோ ஒரு கிராமத்தில் ஊரார் துணி துவைத்துப் பிழைத்தவள். திருமணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவள்.

பழைய கையெழுத்து எனக்குப் படிக்க வரும் என்பதால் நகல்களைத் தட்டச்சு செய்து தரச் சொன்னார். ஒரு தாளில் அவள் வயது. ஒன்றில் அவள் குடியிருந்த சந்து. இன்னொன்றில் அவளுடைய கைக்குழந்தையை அடக்கம் செய்த நாள். தட்டச்சு செய்யச் செய்ய எனக்கு வயிறு எரிந்தது. துணி துவைத்தவளுக்கு இத்தனை தாள்களா?

"பிறப்புப் பதிவு மட்டும் எங்கேயும் இல்லை" என்று மேடம் வருந்தினார். "இந்தக் குடும்பப் பெயரில் அந்த ஊரில் யாருமே பிறக்கவில்லை."

அன்று மாலையே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. திருமணப் பதிவில் அவள் பெயருக்குப் பக்கத்தில், மங்கிய மையில், 'விதவை' என்று இருந்தது. அப்படியானால் அது முதல் கணவனின் குடும்பப் பெயர். பிறந்த வீட்டுப் பெயர் வேறு.

நான் சொல்லவில்லை. எட்டு நாள் அவர் தவறான பெயரில் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடட்டும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் எடுத்தேன். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் அம்மா இன்னும் இருக்கிறார்.

"அம்மா, ஒங்க பாட்டி பேரு என்னா?"

"என்னாடி திடீர்னு? யாருக்குத் தெரியும். ஆத்தான்னுதான் கூப்புட்டோம்."

"காலையில வேலைக்குப் போறப்ப பெரட்டுல பேரு கூப்புடுவாங்களே, அதுல என்னா பேரு?"

"கணக்கப்புள்ள வாயில வந்தத எழுதிக்கிட்டாரு. அதெல்லாம் இப்ப எங்க கெடக்குதோ. நீ சாப்புட்டியா?"

மறுவாரம் மேடம் எல்லாத் தாள்களையும் ஓர் உறைக்குள் போட்டு மூடினார். "போதும், விட்டுவிடுகிறேன்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. 'விதவை' என்ற சொல்லை விரலால் காட்டினேன். முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் முதல் திருமணப் பதிவு கிடைத்தது, அதில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. தந்தையின் தொழில்: பண்ணைக் கூலியாள். மேடம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"இப்போது உன் குடும்பத்தைத் தேடுவோம்" என்று தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். கணினித் திரையின் முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது. எனக்கு அப்படி ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் இருப்பது அப்பாவின் பெயர். அதைப் போட்டோம். ஒன்றும் வரவில்லை. "இன்னொரு நாள் பார்ப்போம்" என்றார், மெல்ல.

விடுமுறையில் அவர் அந்தக் கிராமத்துக்குப் போனார். அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார். கல்லறை என்று எதுவுமில்லை, கல்கூட இல்லை. வெறும் புல். கொள்ளுப்பாட்டியின் அடக்கப் பதிவில் வரிசையும் இடமும் இருந்ததால், சரியாக அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் பொறாமைப்பட்டேன். 'மிக அழகு' என்று பதில் எழுதிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.