மஞ்சள் பூசிய சரிவு

மலைவாழ் மக்களைக் கேட்டு நிலத் திட்டம் போடக் கற்றுக்கொடுக்கிற வேலைக்கு முதல் தகுதி வாயை மூடிக்கொள்வது. அது இல்லாமலே நான் அதில் வாத்தியாராக இருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்து பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்காவது என் கதை புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். ராத்திரி மில்லில் ஷிப்ட். பழைய புத்தகங்களைப் பார்த்து நானாகவே வரைபடம் போடப் பழகியிருந்தேன். அதை நம்பி ஒரு தொண்டு நிறுவனம், காடு காக்கும் ஊழியர்களுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டது.

கேட்கும் கலை

முதல் வகுப்பு ஸ்ரீரங்கத்தில், வாடகைக் கல்யாண மண்டபத்தில். "மக்கள் பேசட்டும், நாம் கேட்போம்" என்பதுதான் பாடம். இரண்டு மணி நேரம் விளக்கினேன். பயிற்சிக்கு வந்திருந்த பாலக்கரை ஆரோக்கியசாமி, என் வயதுக்காரர், கை தூக்கினார்.

"சார், கேக்குறது எப்படின்னு இவ்வளவு நேரமா நீங்களே பேசிட்டீங்க. மக்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவாங்களா?"

திசை

அடுத்த வாரம் எல்லாரும் பச்சைமலை ஏறினோம். செல்லம்மா என்ற அம்மாள் தலைமையில் ஊர்க்காரர்கள் தரையிலேயே படம் போட்டார்கள். சாம்பலில் பாதை, கேழ்வரகில் வயல், புளியங்கொட்டையில் வீடு. அழகாகத்தான் இருந்தது. என் படிப்பு சும்மா இருக்குமா? காந்தி மார்க்கெட்டில் வாங்கிய சார்ட்டை விரித்து, "இதில் வடக்கு எங்கேம்மா?" என்றேன்.

"வடக்கு எதுக்குங்க? தண்ணி எங்கன்னு கேளுங்க, சொல்றேன். வடக்குல போயி யாரு குடம் ரொப்புறது?"

மஞ்சள் பென்சில்

அவர்கள் படத்தை நான் சார்ட்டில் ஏற்றினேன். மேல் சரிவில் பயிர் எதுவும் இல்லை, புல்தான். தரிசு என்று மஞ்சள் பூசினேன். சார்ட் வன ஆபீசுக்குப் போனால் மஞ்சள் இருக்கிற இடமெல்லாம் தைல மரம் நடுவார்கள். அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. வேலை முடிந்த திருப்தியில் பலா மரத்தடியில் சாய்ந்தேன். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகலில் சாய்ந்த இடமெல்லாம் படுக்கை.

விழித்தபோது சுற்றிலும் ஊரே நின்றது. நான் தூங்கிய நேரத்தில் ஆரோக்கியசாமி சார்ட்டை அவர்களுக்கு நிறம் நிறமாக, மஞ்சள் என்றால் தைல மரம் என்பது உட்பட, படித்துக் காட்டியிருக்கிறார். செல்லம்மா கையில் என் மஞ்சள் பென்சில்.

"மூணு வருஷம் சாமை வெளைஞ்ச மண்ணுங்க அது. அசந்து படுத்திருக்கு, மறுபடி எந்திரிக்கும். நீங்களும் ராத்திரியெல்லாம் உழைச்சவருன்னு இவரு சொன்னாரு. பகல்ல படுத்திருக்கீங்களேன்னு உங்க மேல நாங்க மரமா நட்டோம்?"

பதினெட்டு வருஷமாக என் பகல் தூக்கத்துக்கு வீட்டில்கூட இப்படி யாரும் பரிந்து பேசியதில்லை. ரப்பரை எடுத்துச் சரிவைத் தேய்த்தேன். மஞ்சள் அழியவில்லை, காகிதம்தான் கிழிந்தது. புது சார்ட்டில் செல்லம்மா சொல்லச் சொல்ல ஆரோக்கியசாமி வரைந்தார். சரிவின் மேல் 'ஓய்வில் உள்ள சாமைக் காடு' என்று எழுதினார். என்னை பென்சில் சீவ விட்டார்கள்.

அந்தச் சரிவில் தைல மரம் வரவேயில்லை. அதற்கு இந்த வாத்தியார் செய்த ஒரே தொண்டு, சரியான நேரத்தில் தூங்கிப்போனதுதான்.