விருந்தாளி கொழும்புக்குப் போகிறார்

நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். போர் முடிந்த சமயத்தில், சரணடைந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித் தன் மகனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ராணுவத்திடம் ஒப்படைத்தவர். அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. அந்தப் போரை டிவியில் பார்த்ததோடு சரி. ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால் அவர்களுடைய தமிழ்ச் சங்கம் கூப்பிடும் இடங்களுக்கெல்லாம் அவரை நான்தான் கூட்டிப்போவேன். நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் போயிருக்கிறோம்; ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்துக்கு மட்டும் அம்மாவும் சங்கத்தாரும் ஃபிளைட்டில் போய்வந்தார்கள். மகனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட உள்ளே அம்மாவும் சங்கத் தலைவரான டாக்டரும் மட்டும் போவார்கள், நான் பார்க்கிங்கில் காத்திருப்பேன். அம்மா தமிழில் சொல்வதை டாக்டர் இங்கிலீஷில் சொல்வார், அவர்கள் சொல்வதைத் திரும்பத் தமிழில் சொல்வார். வெளியே வரும்போது அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருக்கும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

போன கோடையில் ஒரு விருந்தாளி வந்தார். அவருடைய நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே காட்டில் இருந்து ராணுவ ஆட்சியோடு சண்டை போட்ட இயக்கத்தின் ஆள். முன்பு யாரும் அவருடைய போனை எடுக்காத காலத்தில் இதே சங்கத்தார் அவருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். டாக்டர் வீட்டு பேஸ்மென்ட்டில் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டவராம். இப்போது அங்கே இடைக்கால அரசு, அடுத்து தேர்தல். இயக்கத்தின் வெளிநாட்டு உறவுகளை அவர்தான் பார்க்கிறார், நாடு நாடாகப் போகிறார். அடுத்த மாதம் கொழும்பு.

கொழும்பு என்று கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

"அங்க மேசையில இருந்து கதைக்கேக்க, என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி ஒருக்காக் கேட்டாக் காணும், பிள்ளை. உயிரோட இருக்கிறானோ இல்லையோ எண்டு மட்டும்," என்றார்.

கூட்டம் பிரிட்ஜ்வாட்டரில், ஒரு ஹாலில். விருந்தாளிக்கு அன்றைக்கே நியூவார்க்கில் ஃபிளைட், ஒரு மணி நேரம்தான் இருப்பேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். அம்மாவைத்தான் முதலில் பேச விடுவதாகப் பேச்சு. ஆனால் நம் ஆட்களுக்கு வெளிநாட்டு உறவு என்றால் பொன்னாடை. குத்துவிளக்கு ஏற்றினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து. குழந்தைகள் பரதநாட்டியம். பிறகு வரவேற்புரை, அதற்கு மேல் ஒரு சிறப்புரை. நியூஜெர்சிக் கிளை ஒரு பொன்னாடை போட்டதும் பென்சில்வேனியாக் கிளைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளாளுக்குப் போட்டோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடைக்கே போய் டாக்டரிடம், "சார், ஆன்ட்டிக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க. ஃபோட்டோ எல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்," என்றேன்.

"கடைசியா விடுறன். கடைசியாச் சொன்னாத்தான் மனசில நிக்கும்," என்றார்.

கடைசி வரவே இல்லை. விருந்தாளி எழுந்து கும்பிட்டார், புறப்பட்டார். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் பார்க்கிங்கில் அவருடைய காரை மறித்து நின்றேன். டாக்டரும் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

அம்மா சொன்னார், டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. விருந்தாளி கார்க் கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். முகம் வாடியது. நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காட்டில் இருக்கும்போது தோழர்கள் போதும், நாற்காலிக்குப் போகும்போது அரசாங்கங்கள் வேண்டும். அதைத்தான் அவரும் மெதுவான இங்கிலீஷில் சொன்னார்: என்னால் கேட்க முடியாது. நாளைக்கு எங்கள் அரசை அவர்கள் அங்கீகரிக்க வேண்டும். இந்தப் பெயரைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை, மன்னியுங்கள்.

டாக்டர் அம்மாவிடம் திரும்பினார்.

"தன்னால ஏலுமானதைக் கட்டாயம் செய்வாராம், அம்மா."

அம்மா விருந்தாளியைப் பார்த்துக் கைகூப்பினார். கார் போய்விட்டது. டாக்டர் இப்படி மாற்றிச் சொன்னதில் எனக்கு ஆத்திரம். ஏதோ கத்த வாயெடுத்தேன், அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"தம்பி, அவர் ஏலாது எண்டுதான் சொன்னவர். எனக்கு விளங்கினது," என்று டாக்டரிடம் சொன்னார். "வீட்டில பேரப்பிள்ளையள் இங்கிலீஷைத் தவிர வேற கதைக்குதுகள் இல்லை. நானும் பழகிட்டன்."

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. "நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டுதான் அம்மா..."

"அது சரி. அப்ப வாஷிங்டன்ல அவையள் என்ன சொன்னவை?"

டாக்டர் ஹால் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"நியூயார்க்கில? ஜெனீவாவில அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவா. என்ன சொன்னவா, தம்பி?"

ஹாலில் இருந்து ஆட்கள் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அம்மா விடவில்லை. தான் போய்வந்த ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லி, அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.